ஒன்பது வாரத்துத் தாள்

என் வீட்டில் எல்லாரும் நான் சொன்னதைக் கேட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

என் வீட்டுக்காரிக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றைக்கு அவள் டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்விதான். "அறுத்து எடுத்துடலாமா?"

எடுக்கலாம் என்றார். ஆனால் உடனே இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை மருந்து ஏற்ற வேண்டும். மொத்தம் ஒன்பது வாரம். அதற்குப் பிறகு கட்டி சுருங்கியிருக்க வேண்டும், உடம்பும் கத்தியைத் தாங்குகிற நிலையில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அறுவை கிடையாது. மருந்தை வைத்து நாளைத் தள்ள வேண்டியதுதான். ஒல்லியான டாக்டர். பேச்சும் ஒல்லி. இவ்வளவையும் அவள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டு, "கீழே பயிற்சி அறைக்குப் போங்க" என்று ஒரு சீட்டைக் கொடுத்தார்.

எனக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு என்றாலே சந்தேகம். ஒரு சீட்டு இன்னொரு சீட்டில்தான் போய் முடியும்.

பயிற்சி அறையில் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி, சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தது. தரையில் மஞ்சள் டேப்பால் கோடு. ஓரத்தில் ஓடாத சைக்கிள் ஒன்று. அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் தாலி மாதிரி ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கியது. அன்றிலிருந்து எங்களுக்கு அவள் பேரே ஸ்டாப்வாட்ச்தான்.

"கையை நெஞ்சுல குறுக்கா கட்டிக்கங்கம்மா. முப்பது செகண்ட். எழுந்து நிக்கணும், உக்காரணும். எத்தனை தடவை முடியுதோ அத்தனை."

பதினொன்று எழுந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் ஒரு பெருமை. "ஓட்டல் துணியெல்லாம் இருபத்தாறு வருஷம் நின்னுக்கிட்டே இஸ்திரி போட்ட காலும்மா இது" என்றாள்.

"அந்தக் காலைத்தான் நாம காப்பாத்தணும். மருந்து ஏத்த ஏத்தக் களைப்பு வரும். படுத்தா போயிடும்னு தோணும். போகாது. படுக்கப் படுக்க சதை கரையும், சதை கரையக் கரைய களைப்பு கூடும். முடியாத நாள்ல குறைச்சுக்கங்க. ரெண்டே நிமிஷம் நடந்தாலும் போதும். நிறுத்த மட்டும் நிறுத்தாதீங்க."

நான் குறுக்கே புகுந்தேன். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் பராமரிப்பில் இருந்தவன். "தேஞ்ச கயித்துல யாராவது லிஃப்ட்டை ஓட்டுவாங்களாம்மா? கதவைச் சாத்தி, போர்டு மாட்டிட்டு, மெஷினை நிறுத்தி வைப்போம்."

"கயிறு ஓட்டினா தேயும், ஐயா. சதை ஓட்டாட்டிதான் தேயும்."

பதில் சட்டென்று வந்தது. சட்டென்று பதில் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. சாமான் விற்கிறவன்தான் அப்படிப் பேசுவான்.

ஒரு தாள் கொடுத்தாள். நாளுக்கு ஒரு வரி. நாற்காலி, நடை, ரப்பர் பட்டையை இழுப்பது என்று மூன்று கட்டம். கடைசியில் "எப்படி இருந்தது" என்று ஒரு கட்டம். அவளுக்கு மூன்று ஆஸ்பத்திரியில் வேலை. நடுவில் எங்களைப் பார்க்க மாட்டாள். மருந்து ஏற்ற வருகிற நாளில் நர்ஸ் தாளை வாங்கி அவளுக்கு அனுப்பிவிட்டு, புதுத் தாள் தருவாள். கடைசியில் மறுபடி இதே நாற்காலி, இதே முப்பது செகண்ட்.

முதல் மருந்து ஏறியது. நாலு நாள் செய்தாள். எங்கள் வீட்டு வாசலிலிருந்து மாடிப்படி வரைக்கும் நடைபாதையில் முப்பத்தி நாலு அடி. அதில் போய்ப் போய் வந்தாள். ஐந்தாம் நாள் பாதியில் முழங்கால் மடங்கி, சுவரைப் பிடித்தபடி வாந்தி எடுத்தாள். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. நான் ஓடிப்போய் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து படுக்கையில் போட்டேன்.

"போதும். உன்னைக் கொல்றதுக்குன்னே ஒருத்தி ஸ்டாப்வாட்ச் மாட்டிக்கிட்டு வந்திருக்கா. இனிமே நீ படு. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். நாற்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு டம்ளர் கழுவியது கிடையாது நான். அந்த ஒன்பது வாரத்தில் சமைத்தேன், துவைத்தேன், தலை வாரி விட்டேன், கழிவறைக்குத் தோளில் சாய்த்துக் கூட்டிப் போனேன். தண்ணீர் வேண்டுமென்று அவள் கண்ணைத் திருப்பினாலே டம்ளர் வாய்க்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வருகிற கொழுந்தியா வாசலிலேயே நின்று மூக்கைத் துடைப்பாள்.

"மாமா, நீங்களா இது? எங்கக்கா குடுத்து வச்சவ."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பொய் சொல்வானேன்.

வீட்டுக்காரி ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். "கொஞ்சம் நடந்துட்டு வரட்டா?"

"எதுக்கு? என்ன வேணும்னு சொல்லு, எடுத்தாரேன்."

"நடைதான் வேணும். அதை எடுத்துட்டு வாங்க பாப்போம்."

முறைத்தேன். அடங்கிவிட்டாள். பிறகு பிறகு அவளே கேட்பதை விட்டுவிட்டாள். படுத்தே பழகிவிட்டாள்.

இரண்டாவது மருந்துக்கு முதல் நாள் மத்தியானம், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாள் என் கண்ணில் பட்டது. நாலு வரிதான் நிறைந்திருந்தது. நாளைக்கு நர்ஸ் கேட்பாள்.

லிஃப்ட் வேலையிலும் தாள் உண்டு. கயிறு, பிரேக், கதவு, எண்ணெய் என்று தினம் பார்த்துத் தினம் டிக் போட வேண்டும் என்று சட்டம். எங்களில் யாரும் தினம் போட்டதில்லை. மெஷின் ரூமில் நின்று காதைக் கொடுத்தாலே எனக்கு மெஷினின் சங்கதி தெரியும். தாள் ஆபீசுக்கு, மெஷின் எனக்கு. மாசக் கடைசியில் டீக்கடையில் உட்கார்ந்து முப்பது நாளையும் ஒரே மூச்சில் நிரப்புவோம். அதற்கும் ஒரு கை வேண்டும். இரண்டு பேனா வேண்டும், நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று. ஒரே பேனாவில் எழுதினால் ஆபீஸ்காரன் கண்டுபிடித்துவிடுவான். எல்லாம் சரி என்றும் எழுதக் கூடாது. அங்கங்கே ஒரு சின்னக் குறை எழுத வேண்டும், கதவு இறுக்கம் என்கிற மாதிரி. அப்போதுதான் நம்புவான்.

படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேனாவை எடுத்துத் தொடை மேல் தாளை வைத்து ஆரம்பித்தேன். அவள் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பதாம் தேதி நான் எத்தனை தடவை எழுந்தேனாம்?"

"பன்னெண்டு."

"அடேங்கப்பா. பத்தாம் தேதி?"

"பத்தாம் தேதி உனக்குத் தலைவலி. ஒம்பதுதான்."

"பாவம் நான்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன்.

அந்த வாரமே ஸ்டாப்வாட்ச் போன் பண்ணினாள். போனை வீட்டுக்காரி காதில் வைத்தேன். "சூப்பர்மா, தாள் பாத்தேன், விடாம செய்யறீங்க" என்று சத்தம் வெளியே கேட்டது. இவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா. செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

மூன்றாவது மருந்துக்குள் ஆடுசதை கொடியில் போட்ட துணி மாதிரி தொங்கியது. எழுந்தால் கண் இருட்டுகிறது என்றாள். இரவும் தூக்கமில்லை, பகலும் தூக்கமில்லை. எந்நேரமும் களைப்பு. "மருந்து அப்படித்தான் பண்ணும்" என்று நான் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? தெரிந்த மாதிரி சொன்னேன். அவள் நம்பினாள்.

ஒன்பது வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே நாற்காலி. கையை நெஞ்சில் கட்டினாள். முதல் தடவை எழுவதற்கே முன்னும் பின்னும் இரண்டு தரம் ஆட வேண்டியிருந்தது. ஐந்தாவது தடவை உட்கார்ந்தவள் எழவில்லை. ஸ்டாப்வாட்ச் கையிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் எங்கள் மூன்று தாளையும் எடுத்துப் புரட்டினாள்.

மேலே டாக்டர் அறைக்கு அவளும் வந்தாள்.

"ஸ்கேன் நல்லா இருக்கு, கட்டி சுருங்கியிருக்கு" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரி என் கையைப் பிடித்தாள். "ஆனா உடம்பு சரியில்ல. பதினொண்ணு அஞ்சாயிடுச்சு. பயிற்சி செய்யாம இறங்கியிருந்தா, ஒரு மாசம் செஞ்சுட்டு வாங்கன்னு அனுப்புவேன். இவங்க ஒன்பது வாரம் ஒழுங்கா செஞ்சிருக்காங்க. செஞ்சும் இறங்கியிருக்குன்னா, இனிமே அந்த உடம்புல ஏத்தறதுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். ஆபரேஷன் மேஜையில வச்சா எழுந்திருக்க மாட்டாங்க." பிறகு ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். "தாள்ல இருக்கறதெல்லாம் சரிதானே?"

"ஐயா ரொம்ப அக்கறையா எழுதியிருக்கார் டாக்டர். முடியாத நாளைக்கூட விடாம குறிச்சிருக்கார். எனக்கு வர்ற தாள்லயே சுத்தமான தாள் இதுதான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்றால், எங்கள் வேலையில் மொட்டை என்று ஒருத்தன் இருந்தான். நானும் அவனும் ஒரே கட்டடத்துக்கு ஆள். ஒரு நாள் அந்த லிஃப்ட் இரண்டு மாடி வழுக்கி இறங்கி, உள்ளே இருந்த இரண்டு பேருக்குக் கால் முறிந்தது. விசாரணை வைத்தார்கள். மொட்டை நல்லவன். "பார்க்காமத்தான் சார் டிக் போட்டேன்" என்று ஒத்துக்கொண்டான். அவனுக்கு வேலை போயிற்று, வழக்கு வந்தது, பெண்டாட்டி பிள்ளை தெருவுக்கு வந்தார்கள். அதே தாளில் அடுத்த வரி என்னுடையது. "அன்னைக்குப் பார்த்தேன், சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். என்னை விட்டுவிட்டார்கள். ஒத்துக்கொண்டவன் தொலைந்தான் என்பதை அன்றைக்கே நான் மனசில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் ஏற அவளுக்குப் படி எட்டவில்லை. பின்னால் இருந்து தூக்கி விட்டேன். "சீக்கிரம் ஏறுங்க பெரியவரே, பின்னாடி ஆள் நிக்குது" என்றான் கண்டக்டர்.

வீட்டுக்கு வந்ததும் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். படு என்றேன். படுக்கவில்லை.

"நாளைக்குக் காலையில போய்ச் சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"ரெண்டு பேனா வச்சு எழுதினேன்னு."

"உனக்கு விவரம் பத்தாது. சொன்னா, பொய்க்காரங்களுக்கு வைத்தியம் எதுக்குன்னு வெளிய தள்ளிடுவாங்க."

"இப்ப மட்டும் உள்ள வச்சுக் கொஞ்சறாங்களா?"

நான் தலையணையைத் தட்டிச் சரிசெய்தேன்.

"எனக்குத் தலைவலின்னு நீங்க எழுதினப்ப நானும் சிரிச்சேன். போன்ல நானும் பொய் சொன்னேன். அதனால உங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. நான் செத்தா அந்தக் கட்டியால சாகறேன். உங்க டிக்கால சாக மாட்டேன். போய்ச் சொல்லுங்க. நீங்க போகலைன்னா நான் போவேன், தவழ்ந்தாவது போவேன்."

மறுநாள் காலையில் போனேன். பயிற்சி அறையில் முடி கொட்டிய ஒரு சின்ன வயசுப் பெண் அந்த ஓடாத சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் மருந்து ஏற்றிய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் முடித்துப் போகிற வரைக்கும் வாசலில் நின்றேன். ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது.

"அந்தத் தாள் பொய்ம்மா" என்றேன்.

ஸ்டாப்வாட்சுக்குப் புரியவில்லை. "எந்தத் தாள்?"

"மூணும்."

"ஒரு நாள்கூடவா செய்யல?"

"முதல் நாலு நாள் நிஜம். அதுக்கப்புறம் நான்தான் படுக்க வச்சேன். எழுதினதும் நான்தான்."

அவள் அந்தக் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நேத்து நான் டாக்டர்கிட்ட உங்களுக்காகச் சாட்சி சொன்னேனே, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்ப ஏன் வாயைத் தொறக்கல?"

"பயம்."

"உங்களுக்கு என்ன பயம்? சாகப் போறது நீங்களா?"

மகள் வயசுப் பெண். வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே நாலு கேட்டிருப்பேன். தரையில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எழுந்து, "வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

டாக்டரிடம் அவள் சொல்லவில்லை, என்னைச் சொல்ல வைத்தாள். திட்டுவார், போலீஸ் என்பார், கையெழுத்துக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"நாலு வாரம். அதுக்கு மேல விட்டா கட்டி மறுபடி தலை தூக்கும். நாலாவது வாரக் கடைசியில ஒன்பது தடவை எழுந்திருக்கணும். வாரத்துக்கு ரெண்டு நாள் இங்க வந்து இவங்க கண்ணு முன்னாடி செய்யட்டும். மீதி நாள் வீட்டுல." கடைசியாகச் சொன்னார்: "தாள் வேண்டாம்."

திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "இனிமே என்னைத் தொடக் கூடாது."

"விழுந்தா?"

"விழுந்தா எழுந்திருப்பேன். எழுந்திருக்க முடியலைன்னா கூப்பிடுவேன். கூப்பிடாம கை வந்துச்சு, கடிச்சு வச்சுடுவேன்."

நாற்காலியைச் சுவரோடு போட்டோம். முதல் வாரம் உட்காரும் பலகை மேல் இரண்டு தலையணை வைத்து உயரமாக்கிக்கொண்டாள். ஸ்டாப்வாட்ச் சொல்லிக் கொடுத்த வித்தை. ஐந்து. மறுநாளும் ஐந்து. அதற்கு மறுநாள் நாலு. ஒவ்வொரு தடவை எழும்போதும் தொடை நடுங்குவது புடவைக்கு வெளியே தெரியும். தண்ணீருக்கு அவளே அடுக்களைக்குப் போனாள். பத்தடி தூரம். போய்விட்டு வர அவளுக்கு ஒரு பீடி பிடிக்கிற நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது ஒரு சித்திரவதை. மெஷினைக் கையால் தொட்டே வாழ்ந்தவனுக்கு வேறு என்ன தெரியும்?

ஆறாம் நாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வழுக்கித் தரையில் விழுந்தாள். இடுப்பு அடிபட்ட சத்தம் கேட்டது. நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க!"

அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து நான் கேட்டதில்லை. உட்கார்ந்தேன். அவள் குப்புறத் திரும்பினாள். முழங்கையை ஊன்றினாள். தவழ்ந்து கட்டில் கால் வரைக்கும் போனாள். அங்கே முழங்கால் போட்டு நின்று, நெற்றியை மெத்தையில் வைத்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு காலை முன்னால் வைத்தாள். முடியவில்லை. மற்றக் காலை வைத்தாள். எழுந்து கட்டிலில் உட்கார்ந்தபோது அவள் உதட்டில் ரத்தம். கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்னைப் பாத்து நீங்க எதுக்கு அழறீங்க? விழுந்தது நானு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த கொழுந்தியாவுக்கு வீடு தலைகீழாக இருந்தது. அக்கா சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறாள். நான் நாற்காலியில் பேப்பரோடு இருக்கிறேன்.

"என்ன மாமா இது அநியாயம்! நோயாளியை நிக்க வச்சுட்டு ஜம்முனு பேப்பர் படிக்கிறீங்க?"

"அவர் எங்கடி படிக்கிறார்? பேப்பரைத் தலைகீழா பிடிச்சிருக்கார் பாரு" என்றாள் அவள் அக்கா, குதிகாலை இறக்காமலே.

மூன்றாவது வாரத்தில் தலையணை இரண்டும் போயிற்று. ஏழு எழுந்தாள். நடைபாதையில் ஒரே மூச்சில் எட்டு நடை போய் வந்தாள். ராத்திரி தூங்கினாள். ஒரு நாள் இரண்டு முட்டை சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு மத்தியானம் படுக்கணும்னே தோணல" என்றாள். அவளுக்கே ஆச்சரியம். வேலை கொடுத்தால் களைப்புக் குறைகிற மெஷினை நான் பார்த்ததே இல்லை. ஆக, அந்த ஒன்பது வாரமும் மருந்து கொடுத்த களைப்போடு நான் கொடுத்த களைப்பும் சேர்ந்து அவள் மேல் உட்கார்ந்திருக்கிறது. படு படு என்று ஒவ்வொரு நாளும் நானே அளந்து கொடுத்தது.

நாலாவது வாரக் கடைசி. அதே அறை, அதே நாற்காலி. இந்தத் தடவை டாக்டரும் கீழே இறங்கி வந்து நின்றார்.

எட்டாவது தடவை உட்கார்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. மறுபடி எழுந்தாள். பாதியில் இருக்கும்போது மணி அடித்தது.

முழங்கால் பாதிக்கு மேல் நிமிர்ந்திருந்தால் அதையும் ஒன்றாகக் கணக்கு வைக்கலாமாம். ஸ்டாப்வாட்ச் அந்த முழங்காலையே பார்த்தாள்.

"எட்டு" என்றாள்.

"பாதி எழுந்துட்டேனே!"

"பாதிதான்மா. பாதிக்கு மேல இல்ல."

ஒன்றுதானே, போட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

டாக்டர் அந்த நாற்காலிக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தார். "ஒன்பது கேட்டேன். எட்டுதான் வந்திருக்கு. ஆனா அஞ்சுலேர்ந்து எட்டுக்கு வந்திருக்கு, நாலே வாரத்துல. ஏறுற உடம்பு இது. நான் கத்தி வைக்கத் தயார். நல்ல பலத்தோட வர்றவங்களைவிட உங்களுக்கு ஆபத்து ஜாஸ்தி. மேஜையிலேர்ந்து எழுந்திருக்காமலும் போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "படுத்துக்கிட்டே போறதுக்கு இது தேவலை. எந்தத் தேதின்னு சொல்லுங்க" என்றாள்.

ஆறு மணி நேரம் அறுத்தார்கள். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். உயிர் இருக்கிறது என்றார். இரைப்பையை முழுசாக எடுத்தாயிற்று. பக்கத்தில் இருந்த நெறிக்கட்டுகளில் நாலில் நோய் இருக்கிறது. மறுபடி மருந்து ஏற்ற வேண்டும். அதைத் தாங்குவதற்கும் உடம்பு வேண்டும். அதற்கப்புறம் எவ்வளவு நாள் என்பதை மெல்லத்தான் சொல்ல முடியும்.

நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "அந்த ஒன்பது வாரம் ஒழுங்கா செஞ்சிருந்தா இந்த நாலும் இருந்திருக்காதா?"

"ஒரு மாசம் முன்னாடி, இன்னும் பலமான உடம்புல அறுத்திருப்பேன். அப்ப அந்த நாலும் இருந்திருக்குமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

நம்பினேன். தெரியாது என்று சொல்கிறவன் பொய் சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் மேல் குற்றம் இல்லை என்றும் சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை. இரண்டும் இல்லாமல் இருந்து பார்த்தவனுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

இரண்டாம் நாள் காலையில் ஸ்டாப்வாட்ச் வந்தாள். என் வீட்டுக்காரிக்கு மூக்கில் ஒரு குழாய், விலாவில் இரண்டு குழாய், கீழே ஒரு பை. முகம் ஒரு பிடியளவாகச் சுருங்கியிருந்தது. கண்ணைத் திறந்து மூடுவதே பெரிய வேலையாக இருந்தது.

"அம்மா, எழுந்து உக்காரலாமா? கட்டில் ஓரத்துல, ஒரே நிமிஷம். நெஞ்சுல சளி கட்டக் கூடாது."

என் கை தானாக முன்னால் போயிற்று. என் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"நீங்க வெளிய போங்க" என்றாள். குரலே இல்லை, காற்றுதான். ஆனால் சொன்ன விதம் அவளுடையது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு முழுசாக மூடவில்லை. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஏதோ உலோகம் இடித்தது. ஒரு முனகல், அப்புறம் ஒன்றும் இல்லை. நெடுநேரம் ஒன்றும் இல்லை. எழுந்து கதவிடம் போனேன். கைப்பிடியில் கையை வைத்தேன். எடுத்தேன்.

உள்ளே என் வீட்டுக்காரி ஸ்டாப்வாட்சைத் திட்ட ஆரம்பித்தாள். ஓட்டல் இஸ்திரி அறையில் கற்றுக்கொண்ட கெட்ட வார்த்தை எல்லாம் ஒவ்வொன்றாக, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி வந்தது.

"நல்லா திட்டுங்கம்மா" என்றாள் ஸ்டாப்வாட்ச். "திட்டிக்கிட்டே அந்தக் காலையும் கீழ விடுங்க."

நான் போய்ப் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன்.